பின்கூடத்தில் ஒரு நாடு

பதுவா நகரில் ஒரு தேவாலயத்தின் பின்கூடம். ஞாயிறு.
நேற்றைய ஞானஸ்நான விருந்துக்குப் போட்ட
பிளாஸ்டிக் மேசைகளில் ஒன்று
இன்று மல்தோவா.

கொடியை நான்தான் நிறுத்தினேன்.
தாங்கியின் ஒரு கால் குட்டை;
அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தேன்.
முத்திரை, மைத்தட்டு, இருநூறு வினாத்தாள்,
கூடவே அமைச்சகத்தின் சுற்றறிக்கை.
‘எல்லை கடந்து வாழும் நம் மக்களோடு
தொப்புள்கொடி உறவைப் புதுப்பிப்போம்’
என்று தொடங்கும் அது
ஒரு வங்கிக் கணக்கு எண்ணில் முடியும்.

வந்தார்கள்.
கடவுச்சீட்டு காலாவதியானவர்கள் முதலில்.
பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு
எட்டு வயதுவரை வளர்ந்துவிட்ட பையன்.
செத்துப்போன கணவனிடமிருந்து
இன்னும் விவாகரத்து கிடைக்காத ஒருத்தி.
வினாத்தாளை எல்லோரும் மரியாதையாக வாங்கி
விசிறிக்கொண்டார்கள். ஜூன் மாதம்.

அக்ரிபினா மட்டும் உட்கார்ந்து படித்தாள்,
கண்ணாடியைக் கழற்றி, ஊதி, துடைத்து, மாட்டி.
வாரத்தில் ஆறரை நாள்
படுக்கையில் கிடக்கும் ஒருவரின் வீட்டில் வேலை:
மாத்திரை, குளியல்,
இரவில் மூன்று முறை புரட்டிப் படுக்கவைப்பது.
மிச்ச அரை நாள்
என் எதிரே உட்கார்ந்திருந்தது.

நான்காம் கேள்வி, தொழில்.
“இங்கேயா, அங்கேயா?”
இரண்டையும் எழுதலாம் என்றேன்.
“அங்கே பிரசவத் தாதி. இருபத்தொரு வருஷம்.”
பிறகு சுற்றறிக்கையில் விரலை வைத்து,
“இதை எழுதினது ஆம்பிளைதானே?”

தெரியாது என்றேன். தெரியும்.

“கொடி அறுத்த கை இது, தம்பி.
ஆயிரத்துக்கு மேலே.
தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் கொடிதான்
நான் அறுத்ததெல்லாம்.
பிள்ளை தாய்க்கு ஊட்டுகிற கொடியை
ஒரு பிரசவத்திலும் பார்த்ததில்லை.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
நானும் சிரித்திருப்பேன்.
இன்னொரு கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

பதினோராம் கேள்வி:
‘தாய்நாட்டுக்கு என்ன செய்ய விரும்புகிறீர்கள்?’
பைக்குள் கை விட்டு ஒரு நோட்டை எடுத்தாள்.
தொகை, தேதி, கொண்டுபோன வேன் டிரைவர், எதற்கு.
கூரைத்தகடு. மருமகளின் பல்.
அண்ணன் மகனுக்குக் கல்லூரி, அவனுக்கே மறுபடி கல்லூரி.
பள்ளிக்கூட ஜன்னல்கள், ஆறு பேர் சேர்ந்து.
ஊருக்குத் தண்ணீர்க் குழாய், நாற்பது பேர் சேர்ந்து.

“குழாயைத் திறக்க யாரோ வந்து
கத்தரிக்கோலோடு போட்டோ எடுத்துக்கொண்டார்.
கல்லில் அவர் பெயர் இருக்கிறது. இருக்கட்டும்.
எனக்குப் பெயர் வேண்டாம்.”

வேறென்ன?

“ரசீது.”

எங்களிடம் முப்பத்தேழு படிவங்கள் உண்டு.
இதற்கு இல்லை.
தலைநகரைக் கேட்கலாமென்றால், ஞாயிறு.

என் சட்டை, என் பட்டம்,
இந்த நாற்காலிக்கு எழுதிய தேர்வின் கட்டணம்
எல்லாமே பிரெஷாவில் ஒரு பெண்
பள்ளிக்கூடக் கழிப்பறைகளைக் கழுவிக் கட்டியது.
மேலதிகாரியிடம் சொன்னதில்லை.
‘குடும்ப விவரம்’ என்ற கட்டத்தில்
அம்மா: இல்லத்தரசி.

நோட்டை வாங்கினேன்.
பதினேழு வருஷத்துக்கு அடியில்
‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எழுதி
தேதி போட்டு, முத்திரை குத்தினேன்.
அப்படிச் செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
“கழுகுக்கு ஒரு இறக்கை விழவில்லை.”
மறுபடி குத்தினேன், அழுத்தி.

மை காயும்வரை விசிறினாள், வினாத்தாளால்தான்.
பிறகு அதையும் நிரப்பி என்னிடம் நீட்டிவிட்டு
வேகமாகப் படியிறங்கிப் போனாள்.

பதினொன்றுக்கு எதிரே ஒரு கோடு.
பன்னிரண்டாவது, ‘எப்போது திரும்ப உத்தேசம்?’
அதற்கு மட்டும் தெளிவான கையெழுத்தில்:
நாலு மணிக்குள். அவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும்.